ஒரு நாள் கூலி போனால்..? கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் போடும் தினசரிக் கணக்கு!

கள்ளக்குறிச்சி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? பெரும்பாலானவர்களுக்கு 2024 ஜூன் மாதம்தான் வரும். விஷச் சாராயம், மருத்துவமனை வாசலில் கதறிய பெண்கள், ஆற்றங்கரையில் வரிசையாக எரிந்த சிதைகள். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி வளாகத்தில் எரிந்த பேருந்துகள். இப்படி ஏதாவது நடந்தால் டிவி சேனல் வண்டிகள் வரும், ஒரு வாரம் நிற்கும், கிளம்பிப் போய்விடும்.

வண்டிகள் போன பிறகும் அங்கே ஓர் ஊர் இருக்கிறது. விடிந்தால் வேலைக்குப் போகிறது, இருட்டினால் வீடு திரும்புகிறது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 52 ஆயிரம் பேர் வசிக்கும் நகராட்சி, 2019 முதல் மாவட்டத் தலைநகர். அதற்கு மேற்கே, மேகம் தொட்டுக்கொண்டு நிற்கிறது கல்வராயன் மலை. கீழே ஊர், மேலே மலை. இரண்டும் ஒன்றையொன்று நம்பியே பிழைக்கின்றன.

இந்த இரண்டு இடங்களின் வாழ்க்கையும் புரிய வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கு உதவாது. அங்கே எல்லாவற்றையும் அளக்கிற அளவுகோல் வேறு. ஒரு நாள் கூலி!

நாலு பக்கமும் சாலை... நடுவில் வேலை!

சேலம், தியாகதுருகம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று நாலு பக்கமும் சாலை பிரியும் ஊர் கள்ளக்குறிச்சி. சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் இதுதான் 'டவுன்'. துணி எடுக்க, நகை அடகு வைக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, பத்திரம் பதிய, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க... எதுவானாலும் இங்கேதான் வந்தாக வேண்டும்.

ஊரின் முதுகெலும்பு விவசாயம். நெல், கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி என்று எல்லாம் விளைகிற பூமி. நெல் இருப்பதால் அரிசி ஆலைகள் இருக்கின்றன. கரும்பு இருப்பதால் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். மக்காச்சோளமும் பருத்தியும் மூட்டை மூட்டையாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வருகின்றன. தியாகதுருகத்தில் ஆட்டுச் சந்தை கூடுகிறது.

இந்தச் சங்கிலி முழுவதையும் தோளில் தாங்குகிறவர்கள் தினக்கூலிகள். கரும்பு வெட்டும் ஆட்கள், மூட்டை தூக்கும் சுமைப்பணியாளர்கள், ஆலையில் நெல் கொட்டுகிறவர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள், பெயின்டர்கள், களை எடுக்கும் பெண்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் கிடையாது. காய்ச்சல் வந்தால் லீவு லெட்டர் எழுத இடமும் கிடையாது. போனால் காசு, போகாவிட்டால் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கானது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நகராட்சி எல்லைக்குள் வசிக்கிற தினக்கூலிக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. கிராமத்தைவிட டவுனில் வாழ்வது வசதி என்று நினைக்கிறோம். மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றுபோனால், டவுன் கூலிக்குப் பிடித்துக்கொள்ள அந்தச் சின்னக் கிளைகூட இல்லை.

இந்தக் கணக்கில் சமீப வருடங்களில் பெண்களுக்குச் சில வரவுகள் சேர்ந்திருக்கின்றன. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 2023 செப்டம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை. வசதியான குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒருமுறை ஹோட்டலில் சாப்பிடும் செலவு. மேலே சொன்ன 336 ரூபாய்க் கூலியோடு ஒப்பிட்டால், அது ஏறக்குறைய மூன்று நாள் வேலை. மூன்று நாள் முதுகு வளைத்தால் வருகிற பணம் என்று பார்க்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

இன்னொரு பக்கம், மாவட்டத் தலைநகர் என்ற பெயர் வந்த பிறகும் ரயிலேறச் சின்னசேலம் போக வேண்டும் என்பது இந்த ஊரின் பழைய ஏக்கம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பாதை போட வேண்டிய தூரம் வெறும் 16 கிலோமீட்டர்தான். அந்தப் பதினாறு கிலோமீட்டருக்காக ஒரு தலைமுறையே காத்திருந்தது.

உளிச் சத்தம் கேட்கிறதா?

டவுனுக்கு இன்னொரு முகம் உண்டு. கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் 'டொக்... டொக்' சத்தம்தான் அதன் அடையாளம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் மரச்சிற்பத் தொழில் பல குடும்பங்களின் சோறு. பிள்ளையார், நடராஜர், லட்சுமி, தசாவதாரப் பலகை, பூஜை மண்டபம், கதவு வேலைப்பாடு என்று கோயில் மரபில் வந்த உருவங்கள் மரத்திலிருந்து எழுந்து வருகின்றன. மதுரைப் பக்கம் அரசர்கள் காலத்தில் செழித்த கலை, அங்கிருந்து கலைஞர்கள் இடம்பெயர்ந்தபோது இந்தப் பக்கமும் வேர்பிடித்தது என்கிறது இதன் வரலாறு.

வாகை, மா, வேம்பு போன்ற மரங்கள்தான் மூலப்பொருள். மரத்தை வாங்கியவுடன் செதுக்க முடியாது. ஈரம் வற்றும்வரை காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால், செதுக்கி முடித்த சாமியின் முகத்திலேயே வெடிப்பு விழும். பிறகு உருவத்தை வரைந்து, வேண்டாத பகுதியைக் கழித்து, கைகால், ஆபரணம், முகம் என்று படிப்படியாக நுட்பத்துக்குப் போக வேண்டும். கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பும் பாலிஷும். கண் திறக்கிற வேலையைப் பெரும்பாலும் அனுபவசாலியின் கைக்கே விடுவார்கள். அந்த ஒரு வெட்டு தப்பினால் பல நாள் உழைப்பும் வீண்.

இந்தக் கலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்புகார் நிறுவனம் என்று நமக்குத் தெரிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 2013-லேயே விண்ணப்பித்து, எட்டு வருடம் கழித்துக் கிடைத்த அங்கீகாரம் அது. திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு வரிசையில் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்ற பெயரும் சட்டப்படி இந்த மண்ணுக்குச் சொந்தமானது. வேறு ஊரில் செய்துவிட்டு இந்தப் பெயரில் விற்கக் கூடாது.

பெயர் கிடைத்துவிட்டது. கூலி..? அங்கேதான் சிக்கல். புவிசார் குறியீடு தானாக வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டாது. அந்த முத்திரையைப் பயன்படுத்த, கைவினைஞர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பம், ஆவணம், அலைச்சல்... அப்படி அலைகிற நாளில் உளி ஓடாது. உளி ஓடாத நாளில் கூலி இல்லை.

போட்டியும் கூடிவிட்டது. கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுத்தால் ஒரே மாதிரி பத்துப் பலகையைச் செதுக்கித் தள்ளுகிற சிஎன்சி இயந்திரங்கள் வந்துவிட்டன. ஃபைபர் சிலைகள் பாதி எடை, பாதி விலையில் கிடைக்கின்றன. வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கை வேலையை உற்றுப் பார்த்தால் ஒரு வித்தியாசம் புலப்படும். ஒரே ஆள் செதுக்கிய இரண்டு பிள்ளையார்கள் ஒரேமாதிரி சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்க ஆள் இருக்கும்வரைதான், அப்பாவிடமிருந்து மகன் உளியை வாங்கிக்கொள்வான். இல்லையென்றால் அவனும் கம்பெனி வேலைக்குச் சென்னைக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறிவிடுவான்.

கடற்கரையில் இருந்த மலைத் தலைநகரம்!

இனி மலையேறுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகப் போனால் மலைப்பாதை தொடங்கும். வளைவுகளைத் தாண்டினால் கரியாலூர், வெள்ளிமலை. படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த கல்வராயன் இதுதான். அதையும் தாண்டிச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருக்கின்றன.

இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலானோர் 'மலையாளி' பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளாவோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து, ஆளுக்கொரு மலையேறிய அண்ணன் தம்பிகளின் வம்சம் நாங்கள் என்பது அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை.

நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சுதந்திர இந்தியாவுக்கு 29 வயதான பிறகுதான் அரசு இந்த மலை நிலங்களை எடுத்துக்கொண்டது. பள்ளி, சாலை, மின்சாரம், பட்டா எல்லாமே மற்ற ஊர்களைவிட இவ்வளவு தாமதமாக ஏறியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

அடுத்தது தூரம். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவரை, இந்த மலைவாசிகளுக்கு மாவட்டத் தலைநகரம் எது தெரியுமா? கடற்கரையில் இருக்கும் கடலூர்! மேற்கு எல்லையில் மலை, கிழக்கு எல்லையில் கலெக்டர். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. தலைநகரம் கொஞ்சம் கிட்டே வந்தது. அப்போதும் கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து இன்னும் சுமார் 75 கிலோமீட்டர் போக வேண்டும். 2019 நவம்பர் 26-ல் தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி உதயமானது. கல்வராயன்மலை தனித் தாலுகாவாகி, வெள்ளிமலையிலேயே வட்டாட்சியர் அலுவலகமும் வந்தது.

இது வெறும் நிர்வாக மாற்றம் என்று தோன்றலாம். சாதிச் சான்றிதழுக்கு அலையும் அப்பாவின் இடத்திலிருந்து பாருங்கள். பழங்குடிப் பிள்ளைக்கு உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் என எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ்தான் சாவி. முன்பு ஒரு மனுவுக்காகக் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ போவதென்றால் இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். அதிகாரி இல்லை, நாளை வா என்றால் இன்னும் இரண்டு நாள். தலைநகரம் பக்கத்தில் வந்தது என்றால், ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைத்தன என்று அர்த்தம்.

அப்படியும் தூரம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்துவிட்டாலும், கிராமத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்குமான கடைசி சில கிலோமீட்டர் பல இடங்களில் கரடுமுரடாகவே இருக்கிறது. பிரசவ வலி எடுத்தவரைத் தூளி கட்டித் தூக்கி வருகிற செய்திகள் மலைக்கிராமங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன.

கடுக்காயும் குச்சிக்கிழங்கும்

மலையில் என்ன வேலை கிடைக்கும்? முதலில் நிலம். சாமை, கேழ்வரகு, மக்காச்சோளம், நெல், மரவள்ளி. இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, மலையிறங்கிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசிக்குள் கல்வராயன் கிழங்கும் இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது காடு. கல்வராயன் கடுக்காய்க்குப் பெயர்போன மலை. பனிக்காலத்தில் உதிரும் காய்களைப் பொறுக்கி, காயவைத்து விற்பார்கள். திரிபலா சூரணத்தில் ஒரு பங்கு கடுக்காய். தோல் பதனிடவும் கடுக்காய் பயன்படும். அதிலுள்ள துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகவிடாமல் காக்கிறது. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களின் காரைக்குக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிய காலமும் உண்டு. தேன், புளி போன்றவையும் காட்டின் வரவுதான்.

ஆனால், பொறுக்குகிறவருக்குக் கிடைக்கும் விலைக்கும் டப்பாவில் அடைத்த சூரணத்தின் விலைக்கும் இடையே பெரிய மலை இருக்கிறது. காயவைக்க இடம், சேர்த்துவைக்கக் கிடங்கு, நேரடியாக வாங்க ஆள் மூன்றும் இல்லாதவர், வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கே காசு வேண்டும் என்பவர் நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. இங்கேயும் அதே தினக்கூலிக் கணக்குதான்.

நிலமும் காடும் போதாதபோது மனிதர்கள் கிளம்புகிறார்கள். கேரளா, கர்நாடகத் தோட்டங்களுக்கு மிளகும் காபியும் பறிக்கப் போகிறார்கள். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். ஏஜென்ட் காட்டிய பணத்தை நம்பி ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போய், சிறையில் மாட்டியவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டது நினைவிருக்கலாம். வட மாவட்ட மலைகளிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போகும் அந்த வலை கல்வராயனையும் விடவில்லை.

கருணாபுரம் சொன்ன உண்மை

2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி நகரிலேயே இருக்கிற கருணாபுரம். சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். அடுத்தடுத்து உயிரிழப்புகள். கடைசியில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெரும்பாலானோர் அன்றாடக் கூலிகள். அரசு தலா பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது, விசாரணை ஆணையம் அமைத்தது. பிறகு வழக்கை உயர் நீதிமன்றம் சிபிஐ-க்கு மாற்றியது.

அப்போது கிண்டலாகவும் கோபமாகவும் பேசப்பட்டது ஒன்றுதான்: குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குக் காசு? நாள் முழுக்க மூட்டை தூக்கிய முதுகு ராத்திரி எப்படி வலிக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. வலிக்கு மருந்தென்று நம்பிக் குடிப்பது தவறான வழிதான். அது குடும்பத்தை அழிக்கிற வழி. டாஸ்மாக் விலை கொடுத்தால் அன்றைய கூலியில் பெரிய துண்டு போய்விடும் என்பதால், மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனார்கள். கூலிக் கணக்கு அங்கே உயிரைக் குடித்தது.

இன்னொரு பழியும் வழக்கம்போல மலைமேல் விழுந்தது. கல்வராயனில் சாராயம் காய்ச்சுவது உண்மை. ஊறல் பேரல்களைப் போலீஸார் கொட்டி அழிக்கும் செய்தி அடிக்கடி வரும். ஆனால், கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் தயாராகும் ரசாயனம். பெயின்ட், பிளாஸ்டிக் தொடர்பான தொழில்களில் பயன்படுவது. வெல்லமும் பட்டையும் ஊறப்போட்டு மலையில் காய்ச்சும் ஆள் அதை உற்பத்தி செய்ய முடியாது. அது கணக்கு வழக்கோடு விற்கப்பட வேண்டிய சரக்கு. எங்கோ ஒரு கணக்கிலிருந்து கசிந்தால்தான் தெருவுக்கு வரும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நடந்த மரணங்களுக்கும் அதே மெத்தனால்தான் காரணம். அங்கே பக்கத்தில் மலையே இல்லை, கடல்தான் இருக்கிறது.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மெத்தனால் உடனே கொல்லாது. உடம்புக்குள் போய், ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பல மணி நேரம் சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். பிறகு தலைவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சிரைப்பு. 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும். சீக்கிரம் மருத்துவமனை போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்றலாம். வெட்கமோ போலீஸ் பயமோ பார்க்காமல் 108-ஐ அழைப்பதுதான் ஒரே வழி.

என்ன மாறியிருக்கிறது? என்ன மாற வேண்டும்?

அந்தத் துயரத்துக்குப் பிறகு ஒரு நல்லதும் நடந்தது. கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி, ரேஷன் என்று அடிப்படைத் தேவைகள் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. சாராயத்தை ஒழிக்க வேண்டுமென்றால் ரெய்டு மட்டும் போதாது, வேறு பிழைப்பும் கண்ணியமான வாழ்க்கையும் வேண்டும் என்பது அப்போதுதான் சபையில் உரக்கப் பேசப்பட்டது.

மருத்துவத்திலும் ஒரு மாற்றம். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. முன்பு பெரிய சிகிச்சை என்றாலே சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர்தான். துணைக்குப் போகிறவரின் கூலியும் சேர்த்துப் போகும். இப்போது பல சிகிச்சைகள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மலைப் பிள்ளைகளுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. அம்மா விடியற்காலையில் களையெடுக்கப் போய்விட்டாலும் பிள்ளைக்கு வயிறு காயாது.

இனி வேண்டியதும் பெரிய ரகசியமில்லை. மலைக்கிராமத்துக்குக் கடைசி கிலோமீட்டர் வரை சாலையும் பஸ்ஸும். உழுகிற நிலத்துக்குப் பட்டா. வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, அதன் பலன் கடைசிக் குடிசை வரை போய்ச் சேர வேண்டும். கடுக்காய்க்கும் சாமைக்கும் மலையிலேயே கொள்முதல். சிற்பிக்கு முத்திரையோடு சந்தையும். டவுன் கூலிக்கு மழைக்காலத்திலும் ஏதாவது ஒரு வேலை உத்தரவாதம்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை மேகம் அருவிக்கோ பெரியார் அருவிக்கோ போனால், செல்ஃபியோடு திரும்பிவிடாதீர்கள். மலைக்காரர்களிடம் தேனோ சாமையோ வாங்குங்கள். காட்டில் பிளாஸ்டிக்கும் பாட்டிலும் போடாமல் வாருங்கள். கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சி வழியாகத்தான் திரும்புவீர்கள். ஒரு மரச்சிற்பப் பட்டறையில் நின்று விலை கேளுங்கள். பேரம் பேசும் முன், இதைச் செதுக்க எத்தனை நாள் ஆச்சு என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலை நாள் கூலியால் பெருக்கிப் பார்த்தால், பேரம் பேச மனசு வராது.